கலை பாலமாகுமா? வன்னி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வவுனியாவில் சனிக்கிழமைகளில் உயர்தர மாணவர்களுக்கு ஊடகக் கற்கை சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்களில் இருந்து பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் இளையவர்கள் சிலரும் வந்து பின்வரிசை வாங்கில் இருப்பார்கள். சில மாதங்களுக்கு முன், வெளிநாட்டு நூதனசாலை ஒன்றின் இஸ்லாமியக் கலைக் கண்காட்சி பற்றிய செய்தியை வாசிக்கக் கொடுத்தேன். 'பண்பாடுகளை இணைக்கும் பாலம்' என்பது தலைப்பு. அரை மணி நேரத்துக்கு என்று தொடங்கிய பேச்சு மூன்று சனிக்கிழமைகளுக்கு நீண்டது. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எழுதிவைக்கிறேன். நான் தமிழன், சைவக் குடும்பம், பிறந்தது முல்லைத்தீவுப் பக்கம். இதை முதலே சொல்லிவிட வேண்டும். சில பதில்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

இஸ்லாமியக் கலை என்றால் பள்ளிவாசல் கலைதானே?

அது மட்டுமல்ல. மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்), மிம்பர் (பிரசங்க மேடை), குர்ஆன் பிரதிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் நூதனசாலைகளில் அந்தப் பெயரின் கீழ் கோப்பைகள், விளக்குகள், கம்பளங்கள், பித்தளைத் தாம்பாளங்கள், துணிகள், மருத்துவ நூல்கள், வானியல் கருவிகள் என்று வீட்டுக்கும் கடைக்கும் அரசவைக்கும் செய்யப்பட்டவை ஏராளம். செய்தவரோ செய்யச் சொன்னவரோ முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. பெர்லின் இஸ்லாமியக் கலை நூதனசாலையில் 'அலெப்போ அறை' என்று ஒன்று இருக்கிறது. 1601 தொடக்கம் 1603 வரை வண்ணம் தீட்டிய மரப்பலகைகளால் ஆன வரவேற்பறை. சிரியாவின் அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ வணிகர் ஒருவருடைய வீட்டில் இருந்தது. பாரசீக ஓவியப் பாணியும் விவிலியக் காட்சிகளும் ஒரே சுவரில் இருக்கின்றன.

'இஸ்லாமியக் கலை' என்ற பெயரே ஐரோப்பியச் சேகரிப்பாளர்களும் அறிஞர்களும் 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இருந்து உருவாக்கிய ஒரு பெட்டி. 1910இல் மியூனிக் நகரில் நடந்த பெருங்கண்காட்சி அந்தப் பெட்டியை உலகம் அறியச் செய்தது. பெட்டி சரியில்லை என்று நூதனசாலைகளுக்கும் தோன்றியிருக்கிறது. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2011இல் தன் கூடங்களை மறுபடி திறந்தபோது, 'அறபு நாடுகள், துருக்கி, ஈரான், மத்திய ஆசியா, பிற்காலத் தென்னாசியா ஆகியவற்றின் கலை' என்று நீளமாகப் பெயர் வைத்தது. செய்திகளில் பெரும்பாலானவை அதைப் பழையபடி 'இஸ்லாமியக் கூடம்' என்று சுருக்கிவிட்டன.

வகுப்பில் நான் இப்படிக் கேட்பேன்: யாழ்ப்பாணத்துப் பாக்குவெட்டியைச் சைவக் கலை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதைக் கையில் எடுத்தவர் எல்லாருக்கும் ஒரு சமயம் இருந்தது. அதற்காகப் பாக்கு வெட்டுவது சமயச் சடங்காகிவிடாது.

இஸ்லாத்தில் உருவம் வரைவது முழுக்கத் தடை இல்லையா?

பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதியிலும் உருவங்கள் இல்லை. வெளியே நிலைமை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியது. அக்பருடைய ஓவியக்கூடத்தில் ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்களுடன், நபிகளாரின் உறவினரான ஹம்ஸாவின் வீரக்கதை வரையப்பட்டது. ஈரானில் இருந்து வந்த மீர் ஸையித் அலியும் அப்துஸ் ஸமதும் அதை மேற்பார்த்தார்கள். அந்தக் கூடத்தின் பெயர்பெற்ற ஓவியர்களான தஸ்வந்த், பஸாவன் இருவரும் இந்துக்கள். 1580களில் அக்பர் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் மொழிபெயர்க்கச் செய்து, அதற்கும் படங்கள் வரைவித்தார். 'உருவமே கிடையாது' என்று ஒரு வரியில் எழுதும் செய்தி இவ்வளவையும் அழித்துவிடுகிறது.

செய்திகளில் இந்தப் 'பாலம்' எப்போது வந்தது?

1976இல் லண்டனில் நடந்த இஸ்லாமிய உலக விழாவைப் பற்றிய எழுத்துக்களிலேயே 'புரிந்துணர்வு' என்ற சொல் பெரிதாகக் கேட்டது. பாலம் வழமையான தலைப்பானது 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு. லண்டன் விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையின் ஜமீல் கூடம் 2006இலும், டோஹாவின் இஸ்லாமியக் கலை நூதனசாலை 2008இலும், மெற்றோபொலிற்றன் கூடங்கள் 2011இலும், பாரிஸ் லூவ்ரின் இஸ்லாமியக் கலைப் பிரிவு 2012இலும், ரொறன்ரோவின் ஆகா கான் நூதனசாலை 2014இலும், பிரித்தானிய நூதனசாலையின் புதிய கூடம் 2018இலும் திறக்கப்பட்டன.

இந்தத் திறப்புவிழாச் செய்திகளைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் எலும்புக்கூடு தெரியும். முதலில் ஒரு பயங்கரம் நினைவூட்டப்படும். பிறகு ஒரு கலம் அல்லது கம்பளம் காட்டப்படும். பிறகு நூதனசாலை அதிகாரியோ அமைச்சரோ 'இஸ்லாத்தின் இன்னொரு முகம்' என்று சொல்வார். லூவ்ர் பிரிவு திறந்த 2012 செப்டெம்பரில், அமெரிக்காவில் தயாரான இஸ்லாமிய எதிர்ப்பு வீடியோ ஒன்றுக்கு எதிராகப் பல நாடுகளில் கலவரம் நடந்துகொண்டிருந்தது. அதனால் பத்து ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் கட்டிய கூடம், அந்த வாரக் கலவரத்துக்குச் சொன்ன பதில் போலச் செய்தியானது.

அப்படி எழுதுவது நல்லதுதானே சேர்? வெறுப்பைப் பரப்புவதை விட இது திறம் இல்லையா?

வெறுப்பை விடத் திறம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு பிள்ளை அந்தச் செய்தியால் முதன்முதலாக ஒரு பாரசீகக் கம்பளத்தைப் பார்த்து வியந்தால், அந்த வியப்பு உண்மையானது.

ஆனால் அந்தச் செய்தி ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. மனிதர்கள் மனிதர்கள்தான் என்பதை ஒரு குவளையைக் கொண்டு நிறுவ வேண்டியிருக்கிறது என்று வாசகரை நம்பவைக்கிறது. ஜெசிக்கா வினிகர் என்ற மானிடவியலாளர், 2001க்குப் பின் அமெரிக்காவில் நடந்த மத்திய கிழக்குக் கலை நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 2008இல் எழுதினார். பழங்காலப் பெருமை, சூஃபி இசை, முஸ்லிம் பெண்களின் துன்பத்தைச் சொல்லும் படைப்பு ஆகியவையே அதிகம் தெரிவாகின்றன என்பது அவர் கண்டது. இன்று அங்கே வாழும் ஒருவர் தன் அரசையோ அமெரிக்கப் போரையோ பற்றிச் செய்யும் கலை அந்த மேடைக்கு ஏறுவது அரிது. 'நல்ல முஸ்லிம்' யார் என்பதைக் கலையைக் காட்டிப் பிரிக்கும் வேலை இது.

எங்களுக்கு இது விளங்காத விஷயம் இல்லை. பரதத்தையும் கோபுரத்தையும் புகழ்ந்து எழுதும் அதே பத்திரிகை, அந்தக் கோயில் வீதியில் தேடப்படும் காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட்ட காலத்தை வாசித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

வன்னியில் இருக்கும் நாங்கள் இதை ஏன் யோசிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன்.

ஸ்பெயினில் கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா மாளிகையை இஸ்லாமியக் கலைச் செய்திகள் விடுவதே இல்லை. சுவரெல்லாம் 'அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்ற வாசகம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கும். மூன்று சமயத்தவரும் சேர்ந்து வாழ்ந்த பொற்காலத்தின் சாட்சி என்று எழுதுவார்கள். முஸ்லிம் அரசர்கள் ஆண்ட கிரனாடா 1492இல் கிறிஸ்தவ அரசர்களிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். முஸ்லிம்கள் கட்டாயமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு 1609க்கும் 1614க்கும் இடையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஏறத்தாழ 300,000 பேர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். மாளிகை நின்றது. ஆட்கள் இல்லை. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் போய்ப் பார்க்கிறார்கள். அந்தக் கலையின் அழகைச் சொல்லும் செய்தியில் அந்த வெளியேற்றம் எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த ஆட்களை ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் 'மூர்' என்று அழைத்தார்கள். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது இங்கே கண்ட முஸ்லிம் வணிகர்களுக்கும் அதே பெயரை வைத்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியில் இருந்து அவர்களை வெளியேற்றவும் செய்தார்கள். மன்னார் பட்டினத்தின் மூர் வீதியில் நடக்கும்போது நீங்கள் அல்ஹம்ப்ராவின் சொல்லை மிதித்து நடக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இலங்கைச் சோனகர் இன்றும் அரச பதிவுகளில் 'மூர்' தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசம். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் சில நாட்கள் முன்னே பின்னே. எருக்கலம்பிட்டி, முசலி, விடத்தல்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி என்று ஊர் ஊராகக் காலியானது. பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். எங்கள் பக்கத்து வீடும் அப்படித்தான் காலியானது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே பேரரசு, இங்கே ஆயுத இயக்கம். அங்கே பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை, இங்கே 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பியிருக்கிறார்கள். ஆனால் கலையைக் கொண்டாடிக்கொண்டே ஆட்களை மறக்கலாம் என்பதை அல்ஹம்ப்ரா காட்டுகிறது. வன்னியில் இருந்து இந்தச் செய்திகளை வாசிக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

எங்களுக்கு நடந்ததையே யாரும் ஒழுங்காக எழுதவில்லை. பிறகு ஏன் இது?

இந்தக் கேள்வியை எழுந்து கேட்டவள் புதுக்குடியிருப்புப் பிள்ளை. அவளுக்குப் பாலம் என்றால் வட்டுவாகல். 2009 மே மாதம் உயிர் தப்பிய சனம் நந்திக்கடலோரம் அந்தத் தாழ்ந்த பாலத்தைக் கடந்துதான் வெளியே வந்தது. அவளுடைய குடும்பமும் வந்தது. அவளிடம் போய் 'பாலம்' என்ற சொல்லை அலங்காரமாகப் பாவிக்க முடியாது.

நான் அவளுக்குச் சொன்னது: உன் கதை எழுதப்படாதது உண்மை. அதே போரின் இன்னொரு கதையும் எழுதப்படவில்லை, அதில் எங்கள் பெயரில் இயங்கியவர்கள் செய்தது இருக்கிறது. இரண்டையும் எழுதத் தெரிந்தவர்கள் வன்னியில்தான் இருக்கிறார்கள். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த கிழமை வந்து முன்வாங்கில் இருந்தாள்.

வன்னியில் பார்க்கும்படியாக இஸ்லாமியக் கலை ஏதாவது இருக்கிறதா?

மண்ணுக்குள் இருக்கிறது. மன்னார் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் மாந்தை. அநுராதபுர காலத்தின் பெருந்துறைமுகம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அந்தத் துறைமுகத்தின் கரையில்தான் இருந்தது. 1980 முதல் 1984 வரை தொல்லியலாளர் ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கே அகழ்வு நடந்தது. போர் வந்ததும் நின்றது. தோண்டி எடுத்தவற்றில் சீனப் பாண்டங்களும் இருந்தன, பாரசீக வளைகுடாப் பக்கத்தில் செய்யப்பட்ட, பச்சை கலந்த நீல மெருகு பூசிய பாண்டங்களும் இருந்தன. லூவ்ரிலும் டோஹாவிலும் விளக்கு வெளிச்சத்தில் வைக்கும் கலங்களின் உறவுக்காரத் துண்டுகள், தேவாரத் தலத்துக்குப் பக்கத்து மண்ணில்.

இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதியைச் சொல்கிறேன். 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ரா குயவர்கள் சீனத்து வெள்ளைப் பீங்கானைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். அந்தக் களிமண் அவர்களிடம் இல்லை. ஆகவே சாதாரண மண்பாண்டத்தின் மேல் ஈயமும் தகரமும் கலந்த மெருகைப் பூசி வெள்ளையாக்கினார்கள். அந்த வெள்ளையின் மேல் கோபாற்று என்ற உலோகம் தரும் நீலத்தால் பூவும் எழுத்தும் வரைந்தார்கள். சில நூற்றாண்டுகள் கழித்து, 14ஆம் நூற்றாண்டில், சீனக் குயவர்கள் ஈரானில் இருந்து வந்த கோபாற்றைக் கொண்டு தங்கள் வெள்ளைப் பீங்கானில் நீலம் வரைந்தார்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் நீலப் பூப்போட்ட கோப்பை இருந்தால், அதன் பாட்டன் இந்தக் கொடுக்கல் வாங்கல். மாந்தை உச்சத்தில் இருந்த காலத்தில் சீனாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையில் போய்வந்த சரக்குக்கு அது ஒரு நடுத்துறை.

இவர்கள் யாரும் பண்பாட்டுப் பாலம் கட்டப் புறப்படவில்லை. விற்கப் புறப்பட்டார்கள், பார்த்ததைச் செய்துபார்த்தார்கள். பாலம் என்ற சொல்லை விட 'துறை' என்பதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். துறையில் ஆள் இறங்குவான், தங்குவான், பெண் எடுப்பான், கடன் படுவான். மன்னாரில் நிற்கும் பெருக்க மரத்தையும் அறபு வணிகர் கொண்டுவந்ததாகத்தான் சொல்வார்கள்.

அறபு எழுத்தணி மட்டும்தான் எழுத்துக் கலையா? தமிழில் ஒன்றும் இல்லையா?

தமிழில் இருப்பதைச் செய்திகள் எடுப்பதில்லை, படம் பிடிக்க முடியாது என்பதால். உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய சீறாப்புராணம் 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆனது. நபிகளாரின் வரலாறு. அதன் நாட்டுப்படலத்தில் அறபு நாட்டில் மழை பொழிந்து வெள்ளம் பெருகி வயலில் நெல் விளையும். பாலைவனத்தை மருதமாக்கிப் பாடிவிட்டார் புலவர். நெல் விதைக்கிற வன்னியான் அதை வாசித்தால் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கும். மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளையே முஸ்லிம் புலவர்கள் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று அறபுத்தமிழ். தமிழை அறபு எழுத்தில் எழுதுவது. தமிழின் ழகர, ளகரங்களுக்கென்று அறபு எழுத்துக்களில் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய வடிவங்கள் உண்டாக்கினார்கள். தமிழ் எழுத்துத் தெரியாத பெண்கள் பலர் இதில்தான் வாசித்தார்கள்.

என் பிள்ளைக் காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நானா தையற்கடை வைத்திருந்தார். மெஷினுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் கறுப்பு மையால் எழுதிய ஒரு தாள் தொங்கும். 1990இல் அவர்கள் போன பிறகும் அந்தச் சட்டம் சில மாதம் அந்தச் சுவரில் இருந்தது. நான் யன்னலால் பார்ப்பேன். எனக்கு அது அறபு, குர்ஆன், அவ்வளவுதான். இருபது வருடத்துக்குப் பின் நானா திரும்பி வந்தார். அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"அது எங்கட வாப்பும்மா எழுதினது தம்பி. தொழிலில பறக்கத்துக் கேட்டு ஒரு துஆ. எழுத்துத்தான் அறபு, பாஷை தமிழ். நான் வாசிச்சுக் காட்டியிருந்தா உங்களுக்கு விளங்கியிருக்கும்" என்றார்.

பத்து வயதில் தினமும் பார்த்தது என் சொந்த மொழி. ஒருநாளாவது கேட்டிருக்கலாம். இஸ்லாமியக் கலை பற்றி எந்தச் செய்தியை வாசித்தாலும் எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வரும்.

காலி மும்மொழிக் கல்வெட்டை நல்லிணக்கச் சின்னம் என்கிறார்களே?

அடிக்கடி எழுதுகிறார்கள். 1409 என்று திகதியிட்டு, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனைத் தெய்வமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்குமாக மூன்று மொழியில் காணிக்கை சொல்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அருமையான கல் என்பதில் மறுப்பில்லை. அந்தக் காலத்து இலங்கைத் துறைகளில் தமிழும் பாரசீகமும் எவ்வளவு தேவைப்பட்டன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆனால் அதே செங் ஹவின் படை இங்கே போரிட்டு, இங்கே ஆட்சி செலுத்திய அழகக்கோனாரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. கல்லைப் பற்றி எழுதும்போது கப்பலில் வந்த படையையும் எழுதுங்கள்.

எங்கள் நாட்டுப் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன?

நோன்பு காலத்தில் கொழும்புப் புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் படம் வரும். சிவப்பும் வெள்ளையுமாக, மாதுளம்பழம் போன்ற குவிமாடங்களுடன். கட்டி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. படத்தின் கீழ் 'கட்டடக் கலையின் அற்புதம்' என்று இருக்கும். அது பண்பாட்டுப் பக்கம். முதற்பக்கத்தில் முஸ்லிம்கள் வேறு மாதிரி வருவார்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான தூரம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அறபுப் பெயர்ப்பலகைகள் பிரச்சினையாகின. அந்த மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடுத்திருந்த சட்டையில் இருந்த கப்பல் சுக்கானின் சக்கரம், தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பிணை கிடைக்கும் வரை வாரக்கணக்கில் மறியலில் இருந்தார். ஒரு துணியின் பூவேலையைப் பார்க்கத் தெரியாததன் விலை அது.

தமிழ்ப் பக்கமும் தப்பவில்லை. 2018இல் திருகோணமலையில் ஆசிரியைகள் அபாயா அணிந்து பாடசாலைக்கு வந்ததை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, எங்கள் மொழியில் சமூக வலைத்தளங்களில் எழுதப்பட்டவற்றை நான் மறக்கவில்லை. தூர நாட்டுக் கம்பளத்தின் நெசவை ரசிக்கிற கண், பக்கத்து வாங்கில் இருக்கிற ரீச்சரின் உடுப்பைக் கண்டு ஏன் சுருங்குகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

யார் காசு கொடுக்கிறார்கள் என்பது முக்கியமா?

முக்கியம், எழுதுங்கள். லூவ்ர் பிரிவுக்குச் சவூதி இளவரசர் அல்வலீத் 17 மில்லியன் யூரோ கொடுத்தார். லண்டன் கூடத்தின் ஜமீல் என்ற பெயர் ஒரு சவூதி வணிகக் குடும்பத்துடையது, பிரித்தானிய நூதனசாலையில் மலேசியாவின் அல்புகாரி அறக்கட்டளை. கொடுப்பது குற்றமில்லை. எங்கள் ஊர்க் கோயில் மணிக்கூட்டிலும் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. பாலத்தில் யாருடைய பெயர்ப்பலகை என்று வாசகருக்குத் தெரியட்டும்.

பொருள்கள் அங்கே எப்படிப் போயின என்பதும் அதே அளவுக்கு முக்கியம். லண்டனில் இருக்கும் அர்தபீல் கம்பளம் 1539–40இல் நெய்தது, பத்து மீற்றருக்கு மேல் நீளம். அதன் ஓரத்தில் காஷான் ஊர் மக்ஸூத் என்ற பெயர் நெய்யப்பட்டிருக்கிறது. ஈரானின் ஒரு தர்காவில் இருந்து விற்பனையாகி, வணிகர் கை மாறி, 1893இல் 2,000 பவுணுக்கு நூதனசாலை வாங்கியது. இதைச் சிறப்பாகக் காட்ட அதன் ஜோடிக் கம்பளத்தின் துண்டுகளை வெட்டி ஒட்டுப்போட்டார்கள். ஓரம் இழந்த அந்த மற்றக் கம்பளம் இப்போது அமெரிக்காவில்.

நன்றாகச் செய்த உதாரணம் ஒன்று சொல்லுங்களேன்?

இரண்டு சொல்கிறேன். 2017 ஜனவரி கடைசியில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாடுகளின் மக்கள் உள்ளே வரத் தடை போட்டார். சில நாட்களுக்குள் நியூயோர்க் நவீனக் கலை நூதனசாலை தன் நிரந்தரக் கூடங்களில் ஐரோப்பிய ஓவியங்கள் சிலவற்றைக் கழற்றிவிட்டு, அந்த நாடுகளைச் சேர்ந்த கலைஞர்களின் படைப்புகளைத் தொங்கவிட்டது. சூடானின் இப்ராஹிம் எல் ஸலாஹி, ஈராக்கில் பிறந்த ஸஹா ஹதீத் போன்றவர்களுடையவை. ஒவ்வொன்றின் கீழும், இந்தக் கலைஞரின் நாட்டு மக்களுக்கு இங்கே நுழைய அனுமதி மறுக்கப்படுகிறது என்று ஒரு குறிப்பு. கலையைக் காட்டி ஆட்களை மறைக்கவில்லை. வர முடியாமல் வெளியே நிற்கும் ஆட்களைக் காட்டவே கலையைத் தொங்கவிட்டார்கள்.

மற்றது பெர்லின். 2015 கடைசியில் சிரியாவில் இருந்தும் ஈராக்கில் இருந்தும் வந்த அகதிகளை நூதனசாலை வழிகாட்டிகளாகப் பயிற்றும் திட்டம் தொடங்கியது. பெயர் முல்தகா, அறபில் சந்திக்கும் இடம் என்று பொருள். வந்திறங்கிய ஒருவர் தன் ஊர்ச் சிற்பத்தின் முன் நின்று, தன் மொழியில், தன்னைப் போல வந்தவர்களுக்கு விளக்குகிறார். புத்தளத்து முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும்.

ஊரில் ஒரு பள்ளிவாசல் திறப்பு, ஒரு எழுத்தணிக் கண்காட்சி. செய்தி எழுதப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

எழுதியிருப்பது என்ன என்று முதலில் கேளுங்கள். 'அழகிய அறபு எழுத்துக்கள்' என்று எழுதுவது கோயிலில் தேவாரம் பாடியதை 'இனிய ஓசை எழுந்தது' என்று எழுதுவது போல. அது கோணமான கூஃபி எழுத்துப் பாணியா, வளைந்த நஸ்க் பாணியா, உயர்ந்து நிற்கும் துலுத் பாணியா என்று வரைந்தவரையே கேட்டு எழுதுங்கள். வரைந்தவருக்கு எத்தனை வயது, யாரிடம் படித்தார், நாணல் பேனாவா மார்க்கரா, படித்தது இங்கேயா புத்தளத்திலா என்பதையும் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும்.

படத்தைத் திருப்பாதீர்கள். பக்கம் கட்டும்போது முகம் உள்நோக்கிப் பார்க்கட்டும் என்று படத்தை இடம் வலமாக மாற்றிவிடுவார்கள். அறபு எழுத்து இருந்தால் அது கண்ணாடி எழுத்தாகிவிடும். பழைய மென்பொருட்களில் அறபை ஒட்டினால் எழுத்துக்கள் பிரிந்து, வரிசை தலைகீழாகி நிற்கும். தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சுக்கு விடக்கூடாது. குர்ஆன் வசனத்தை அப்படியே அச்சிடுவதற்கு முன்னும் யோசியுங்கள். எங்கள் ஊர்களில் நேற்றைய பத்திரிகையில் இன்று வடை சுற்றுகிறோம். முஸ்லிம் வாசகர்களுக்கு அது மனம் நோகும் விஷயம். எழுத்தணிப் பலகையைப் படமாகப் போடுவதைக்கூட அங்குள்ளவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

முஸ்லிம் அல்லாத நான் இதை எழுதலாமா?

எழுதலாம். மௌலவியிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். பெண்களிடமும் பேசுங்கள்.

1990ஐக் கலைச் செய்திக்குள் கொண்டுவந்தால் ஆசிரியபீடம் வெட்டிவிடுமே?

வெட்டும். எனக்கு நடந்தது. சில வருடங்களுக்கு முன், மீளக் கட்டிய ஒரு பள்ளிவாசல் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். குண்டு பட்ட சுவரில் எஞ்சிய பழைய பூவேலையை அப்படியே விட்டு, அதைச் சுற்றிப் புதுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஊரை விட்டுப் போனது, இல்லாத இருபது வருடம், திரும்பி வந்து யார் வீட்டில் தங்கினார்கள் என்பதை எல்லாம் இரண்டு பந்தியில் கடைசியில் வைத்திருந்தேன். அச்சில் வந்தது குவிமாடப் படமும் 'நல்லிணக்கத்தின் அடையாளம்' என்ற தலைப்பும் முதல் நான்கு பந்தியும்தான். அந்த ஊர்ப் பெரியவர் பத்திரிகையை மடித்து என்னிடம் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசித்தேன். இடம் போதாவிட்டால் பக்கம் கட்டுபவர் வாலில் இருந்துதான் வெட்டுவார். நான் ஆட்களை வாலில் வைத்திருந்தேன். இப்போது மாணவர்களுக்கு முதற்பந்தியில் யார், எந்த ஊரில் இருந்து எப்போது போனார், எப்போது வந்தார், அந்தப் பூவேலையைச் செய்தவர் அவருக்கு யார் என்று எழுதச் சொல்கிறேன். குவிமாடத்தின் உயரமும் பிரதம விருந்தினரின் பெயரும் கடைசிப் பந்திக்குப் போகும். புதுக்குடியிருப்புப் பிள்ளை போன மாதம் தண்ணீரூற்றில் இருந்து அனுப்பிய செய்தி அப்படித்தான் தொடங்கியது. விருந்தினரின் பெயர் வெட்டுப்பட்டது.